அளவு ஜாக்கெட்

அக்கா திங்கட்கிழமை பேங்குக்குத் திரும்ப வேண்டும். ஏழு மாத மருத்துவ விடுப்பு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. ஆனால் சாப்பாட்டு மேசையில், மாத்திரை டப்பாவுக்கு அடியில், விருப்ப ஓய்வு கேட்டு அவள் எழுதிய கடிதம் மடித்துக் கிடந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவளுடைய இடது மார்பை ஆபரேஷனில் எடுத்துவிட்டார்கள். பஞ்சு வைத்த உள்ளாடை ஒன்று கொடுத்தார்கள். புதுக்கோட்டை வெயிலில் அதைப் போட்டால் தழும்பு எரிகிறது என்று கழற்றி எறிந்துவிட்டாள். போதாக்குறைக்கு, சிகிச்சைக்குப் பிறகு ஏசி குளிர் அவளுக்கு ஆகவே இல்லை, பேங்க்கோ முழுக்க ஏசி.

"முன்னாடி பட்டன் வச்ச ஸ்வெட்டர் ஒன்னு பின்னித் தாரியாடி? தலை வழியா மாட்ட முடியாது, கையைத் தூக்க வரல. போட்டா ஒருத்தர் கண்ணும் இங்கிட்டு வரக் கூடாது. அது சரியா வந்தா வேலைக்குப் போறேன். இல்லாட்டி லெட்டரைக் குடுத்துட்டு வீட்டுலயே கெடக்கேன்" என்றாள்.

நான் குன்னூரில் எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவள். பின்னத் தெரியும். அன்னவாசலுக்கு வந்த பிறகு ஊசிகள் பீரோவுக்குள் தூங்கிக்கொண்டிருந்தன. கம்பளி இந்த ஊருக்கு ஆகாது என்று பருத்தி நூல் வாங்கினேன். பருத்தியில் ஒரு வம்பு உண்டு. கம்பளி உடம்புக்குத் தகுந்தபடி கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பருத்தி கொடுக்காது. அளவு தப்பினால் தப்பியதுதான்.

அளவு எடுக்க டேப்போடு போனேன். அக்கா நைட்டியில், நெஞ்சின் குறுக்கே துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தத் துண்டு இல்லாமல் நான் அவளைப் பார்த்ததே இல்லை. பையிலிருந்து டேப்பை எடுக்கக் கை வரவில்லை. டெய்லர் கடைக்குப் போகும்போது நாம் எல்லோரும் சொல்வதைத்தான் என் வாயும் சொன்னது.

"அளவு ஜாக்கெட் இருந்தா குடுக்கா."

"பீரோவுல இருக்கு, பச்சைக் கலர்" என்றாள் உடனே. இரண்டு பேருக்கும் அப்படி ஒரு நிம்மதி. பத்து வருஷமாக அவளுடைய எல்லா ஜாக்கெட்டுக்கும் அளவு கொடுத்த ஜாக்கெட் அது. இரண்டு கோழைகளும் உட்கார்ந்து காபி குடித்தோம்.

வேலையில் நான் குறை வைக்கவில்லை. முதலில் மாதிரிக்கு உள்ளங்கை அகலத்தில் கொஞ்சம் பின்னி, துவைத்துக் காய வைத்து, அங்குலத்துக்கு ஐந்து கண்ணி என்று எண்ணிக்கொண்டேன். இடுப்பில் குறைத்தேன், மேலே கூட்டினேன். முன்பக்கம் இரண்டிலும் மார்புக்கு இடம் விட, வரிசையை முழுக்க ஓட்டாமல் பாதியில் திரும்பித் திரும்பிப் பின்னி ஒரு குழிவு கொண்டுவந்தேன். குன்னூரில் இந்தக் குழிவுக்காகவே என்னைத் தேடி வருவார்கள். சனிக்கிழமை காலை கீழ ராஜ வீதியில் கொட்டாங்குச்சி பட்டன் ஆறு வாங்கித் தைத்து, பதினோரு மணிக்கு அக்கா வீட்டில் நின்றேன்.

இடது கை பாதியிலேயே சிக்கியது. ஆபரேஷன் செய்த பக்கம் கை வீங்கும் என்று டாக்டர் சொன்னதை நானும் கூட இருந்து கேட்டவள்தான். அக்கா இழுத்து மாட்டிப் பட்டன் போட்டாள். வலது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்தது. இடது பக்கம், நான் பெருமையோடு கொண்டுவந்த குழிவு, உள்ளே ஒன்றுமில்லாமல் காலிப் பை மாதிரி தொங்கியது. எது இல்லையோ அதை ஊருக்கே காட்டியது.

எட்டிப் பார்த்த அத்தான், "நல்லாத்தானே இருக்கு" என்றார். அக்கா பார்த்த பார்வையில் மனுஷன் செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய்விட்டார்.

அவள் கண்ணாடியை விட்டு நகரவில்லை. "துவைச்சா சரியாயிரும்க்கா" என்றேன். வாய்க்கு வந்த பொய்.

"யாருக்குடி பின்னுன? போன வருஷத்து அக்காவுக்கா?" கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுத் துண்டை மறுபடி நெஞ்சில் போட்டுக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. என் மேல்தான், ஆனால் அவள் மேல் பாய்ந்தது. "நீதானே ஜாக்கெட் இருக்குன்னு சொன்ன!"

"நீ கேட்ட, சொன்னேன். ஒன் பையில டேப்பு இருந்துச்சா இல்லையா?"

மேசைக்குப் போய் மாத்திரை டப்பாவை நகர்த்தினாள். கடிதத்தைப் பிரித்தாள். பேனா மூடியைத் திறந்தாள். இருபத்தாறு வருஷத்து வேலை, நான் டேப்பை எடுக்கப் பயந்ததால் போகப்போகிறது.

அவள் கடிதத்தைக் கவிழ்த்தாள். வெற்றுப் பக்கத்தையும் பேனாவையும் என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்க் கதவைச் சாத்தினாள். துண்டை விலக்கினாள். நைட்டியை இடுப்பு வரை இறக்கிவிட்டு நேராக நின்றாள்.

"எடு அளவு. இடது வேற, வலது வேறன்னு தனித்தனியா எழுது."

டேப் தழும்பில் பட்டபோது இரண்டு பேருமே மூச்சை இழுத்தோம். "வலிக்குதாக்கா?"

"இல்ல. சில்லுனு இருக்கு."

நடு நெஞ்சிலிருந்து விலா வரை வலது பத்தரை, இடது எட்டு. மேல்கை வலது பதினொன்று, இடது பன்னிரண்டே முக்கால். எனக்குக் கண் கலங்கி எண் தெரியவில்லை. "அழுதா தப்பா எழுதுவ, மறுபடி நிக்க மாட்டேன்" என்றாள்.

அன்றைக்கே இடது முன்பக்கத்தை மார்புக்குக் கீழே வரை பிரித்தேன், இடது கையை முழங்கை வரை. குழிவு இல்லாமல் நேராக ஏற்றினேன். கைக்கும் கைக்குழிக்கும் கண்ணி கூட்டினேன். பட்டன் வரும் பட்டி மட்டும் இரண்டு பக்கமும் ஒரே நீளம். ஞாயிறு மாலை கொண்டுபோனபோது அவள் போட்டுப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டாள். "காலையில பாத்துக்கறேன், நீ போ."

திங்கட்கிழமை காலை முழுக்க நான் அடுப்படிக்கும் போனுக்கும் நடந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் மணி அடித்தது. அவள் குரலுக்குப் பின்னால் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது. போயிருக்கிறாள்.

"யாராச்சும் பார்த்தாங்களாக்கா?"

"பார்த்தாங்கடி, மூணு பேரு" என்றாள். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "பட்டன் எந்தக் கடையில வாங்குனதுன்னு கேக்குறாங்க."