பின் சீட்டுக்கான பாலிசி

அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று என் மனைவி, காசி யாத்திரையும் வேண்டாம், கைக்கு வளையலும் வேண்டாம், நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் ஒன்று வேண்டும் என்றாள். ஐம்பத்தாறு வயதில் இது என்ன கிறுக்கு என்று கேட்டேன். கேட்டதோடு என் பங்கு முடிந்தது. அடுத்த மாதம் பழைய ஃபோர் வீல் டிரைவ் ஒன்று எங்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஓட்டுவது அவள். பக்கத்தில் உட்கார்ந்து கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வது நான்.

ஞாயிறு விடியும்போதே பொன்முடி மலைக்குக் கிளம்பிவிடுவோம். கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே தார் ரோட்டை விட்டு ஒரு மண்பாதை பிரிகிறது. எஸ்டேட் மேனேஜரிடம் சொல்லி அனுமதி வாங்கியிருந்தோம். பாதை ஓர் ஓடையைக் கடந்து, ஏறி, தேயிலைத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கு முன்னால் முடியும். அந்த ஓடையில் என் மனைவி வண்டியை இறக்குவதைப் பார்க்க வேண்டும். அவசரமே கிடையாது. முதல் கியரில் போட்டுவிட்டு, அரிசியில் கல் பொறுக்குகிற முகத்தோடு ஒவ்வொரு சக்கரமாகக் கொண்டுபோவாள். முப்பது வருஷம் கூட இருந்தும் அவளிடம் இப்படி ஒரு கை இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. இப்போது எனக்கு அதில் ஏகப் பெருமை. அவளிடம் சொன்னதில்லை.

லைன் வீடுகளில்தான் அந்தப் பெண் ஏறுவாள். கொழுந்து பறிக்கிறவள், நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். அவள் புருஷன் மரம் வெட்டும்போது விழுந்து முதுகெலும்பு முறிந்து, கீழே எங்கள் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் மாசக்கணக்காகக் கிடந்தான். அவளுக்கு ஓய்வு ஞாயிறு ஒரு நாள்தான். பஸ்ஸை நம்பிப் போனால் பார்வை நேரம் முடிகிற சமயத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். எங்கள் ஜீப்பில் வந்தால் இரண்டு மணி நேரம் அவன் பக்கத்தில் உட்காரலாம், ஊட்டிவிடலாம். இறங்கும்போது நாலாக மடித்த ஐம்பது ரூபாயைக் கியர் பக்கத்துக் குழியில் வைத்துவிடுவாள். முதல் நாள் என் மனைவி வேண்டாம் என்றதற்கு, “அப்ப நான் பஸ்ஸுக்கே போறேங்க்கா” என்று சொல்லிவிட்டாள். அதனால் வாங்கிக்கொண்டோம். அவள் மானத்துக்கு மரியாதை கொடுக்கிறோம் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு.

பழைய இன்ஷூரன்ஸ் முடிகிற மாதம் வந்தது. ஆரியசாலைக் கடைத்தெருவில் கயிறும் தார்ப்பாயும் மொத்தமாக விற்கிறவன் நான். பேரம் பேசாமல் ஒன்றும் வாங்கியதில்லை. கடைக்கு வந்த ஏஜெண்டுகளிடமெல்லாம் ஒரே கேள்வி கேட்டேன். வண்டி ரோட்டை விட்டு இறங்கும், கவர் உண்டா? எல்லாவற்றுக்கும் உண்டு சார், உண்டு சார் என்றார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. சட்டம் கட்டாயமாக்கிய தேர்ட் பார்ட்டி மட்டும் போதும் என்று ஒருவர் சொன்னபோது அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது, அவ்வளவு சல்லிசு.

கடைசியாக வந்தவர் விழிஞ்ஞம் மீன்பிடித் துறைக்காரி. கடலில் படகைத் தொலைத்த சொந்தக்காரர்களுக்கு இன்ஷூரன்ஸ் ஃபாரம் நிரப்பிக் கொடுத்துக் கொடுத்தே இந்தத் தொழிலுக்கு வந்தவராம். விலை சொல்லவில்லை. முதலில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையில் குனிந்து அடியில் டார்ச் அடித்தார். டயர் மாற்றினீர்களா, முன்னால் சேற்றிலிருந்து இழுக்கிற இந்த வின்ச்சைப் பூட்டியது யார், ஆர்.சி.யில் எழுதினீர்களா, போட்டிகளுக்குப் போவீர்களா, தண்ணீரில் இறக்குவீர்களா. எனக்கு எரிச்சல் வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள்கூட இத்தனை கேட்கமாட்டார்கள்.

ஆனால் பதில் ஒவ்வொன்றும் பட்டுப்பட்டென்று வந்தது. போட்டிக்குப் போனால் கிடைக்காது. எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறினால் சாதாரண பாலிசியில் கிடைக்காது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தாலும், தண்ணீரில் நின்ற வண்டியைத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தால் போச்சு. தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால் வெளியே இடிபட்டவனுக்குக் கிடைக்கும், உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒன்றும் இல்லை. விற்க வந்த ஒருவர் இல்லை இல்லை என்று இத்தனை தடவை சொல்லி நான் கேட்டதே இல்லை. எரிச்சல் போய் மரியாதை வந்துவிட்டது.

உள்ளே யார் யார் ஏறுவார்கள் என்று கேட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு எஸ்டேட் பெண்ணைப் பற்றிச் சொன்னேன், ஐம்பது ரூபாய் உட்பட. அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அந்தப் பைசா வாங்காதீங்க சார். வாங்கினா அது வாடகை. சொந்த உபயோகத்துக்கு உள்ள வண்டியில வாடகை ஓடினா, நாளைக்கு அவங்களுக்கு அடிகிடி பற்றினா கம்பெனி கை விரிக்கும். மனசிலாயோ?”

ஐம்பது ரூபாய்க்கு நான் டாக்ஸிக்காரன் ஆகிவிட்டேனா என்று கத்தினேன். நான் சொல்லவில்லை என்றால் யாருக்குத் தெரியும் என்றும் கேட்டேன்.

“நீங்க சொல்லமாட்டீங்க சார். அவங்க சொல்லுவாங்களே. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடந்துக்கிட்டு, ‘நான் காசு குடுத்துத்தான் ஏறினேன்’னு பெருமையாச் சொல்லுவாங்க.”

பார்த்தே இராத ஒருத்தியை இந்த அம்மா இத்தனை சரியாகச் சொல்லிவிட்டாரே! முழு பாலிசி, தண்ணீருக்கு எஞ்சின் கவர், உள்ளே இருக்கிற ஒவ்வொருவருக்கும் விபத்துக் கவர் என்று அவர் சொன்ன மூன்றையும் எழுதச் சொன்னேன். பேரம் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை அந்தப் பெண்ணிடம் என் மனைவி பக்குவமாகச் சொன்னாள். உன் நல்லதுக்குத்தான், இனிமேல் காசு வேண்டாம் என்று. அவள் தலையை ஆட்டிவிட்டு, “ஓசியில வந்தேன்னு தெரிஞ்சா அவரு என் கையால சாப்பிடமாட்டாருக்கா” என்றாள். ஏறவில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு நடந்தே போனாள். அடுத்த ஞாயிறும் அப்படியே. இரண்டு வாரமும் அவள் போய்ச் சேர்ந்தபோது பார்வை நேரம் முடிய கால் மணிதான் இருந்ததாம். நான் வீடு முழுக்க அந்த ஏஜெண்டைத் திட்டித் தீர்த்தேன். நேர்மையும் மண்ணாங்கட்டியும், ஒருத்தியின் ஞாயிற்றுக்கிழமை போச்சு. என் மனைவி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “உங்க கோவம் அவங்க மேல இல்ல, உங்க மேல. இத்தன நாள் பாலிசியப் பிரிச்சுக்கூடப் பாக்காம அவள ஏத்திட்டு வந்தது நாமதானே” என்றாள்.

மூன்றாவது ஞாயிறு துலாமாத மழை, நம் ஐப்பசி அடைமழைதான். போகும்போது சாதாரணமாக இருந்த ஓடை, திரும்புவதற்குள் கலங்கி அகன்றுவிட்டது. என் மனைவி கரையில் வண்டியை நிறுத்தினாள். எஞ்சின் கவரின் நிபந்தனைகளை நான் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடி தெரியாத தண்ணீரில் அவளும் இறக்கமாட்டாள்.

எங்களுக்குப் பின்னால் நடந்து வந்த அந்தப் பெண், வண்டியைத் தாண்டி முன்னால் போனாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, ஒரு கம்பை ஊன்றி ஓடையில் இறங்கினாள். தினமும் கால் வைக்கிற ஓடை. நடுவில், முழங்கால் தண்ணீரில் நின்று திரும்பி, இடது பக்கம் வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். அவள் இரண்டடி வைக்க, ஜீப் இரண்டடி போயிற்று. பெரிய பாறை இருந்த இடத்தில் கம்பால் தட்டிக் காட்டினாள். அக்கரை ஏறியபோது பம்பர் வரைக்கும்கூட நனைந்திருக்கவில்லை.

என் மனைவி எட்டிப் பின் கதவைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண் கதவைப் பார்த்தாள், ஓடையைத் திரும்பிப் பார்த்தாள்.

“வழி காட்டுனதுக்கு ஏத்திக்கிறீக. அப்படித்தானேக்கா?”

“அப்படித்தான்” என்றாள் என் மனைவி.

ஏறினாள். பார்வை நேரம் தொடங்குவதற்கு முன்பே ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டோம். மறுநாள் நான் ஏஜெண்டுக்கு போன் போட்டு, வழி காட்டினால் அது வாடகையா என்று கேட்டேன். அதற்கு என் ஃபாரத்தில் கட்டம் இல்லை சார் என்று சொல்லிச் சிரித்தார். ஏற்கெனவே திட்டியதை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது மீன மாதம், பங்குனி வெயில். ஓடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, வெறும் உருளைக்கல். ஆனாலும் ஞாயிறுதோறும் அந்தப் பெண் கரைக்கு முன்னாலேயே இறங்கிக்கொள்கிறாள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கம்பால் கற்களைத் தட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறாள். என் மனைவி முதல் கியரில் போட்டு, அவளுக்கு இரண்டடி பின்னால், மெதுவாக ஓட்டிக்கொண்டு போகிறாள்.