முள்ளம்பன்றிக்கு எவ்வளவு அடி

எங்கள் துணிக்கடை மாடியில் ஆல்டரேஷன் பார்ப்பவரைக் கத்திரி என்றுதான் கூப்பிடுவோம். பேன்ட் நீளம் குறைப்பது, தொளதொள சட்டையைப் பிடித்துக் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. ஆனால் பெயர் அதனால் வரவில்லை. போனில் ஒரு கார்டு விளையாட்டு ஆடுவார். ஒவ்வொரு கார்டும் ஒரு மிருகம். அதற்கு இவ்வளவு அடி, இவ்வளவு உயிர் என்று எண் போட்டிருக்கும். ஆடுகிறவர்களே புது மிருகம் செய்து அனுப்பலாம். பலம் கூடாமல் குறையாமல் இருந்தால் நடுவர்கள் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். யார் எதை அனுப்பினாலும் முதல் ஆளாகப் போய், 'பலம் ஜாஸ்தி, குறைக்கவும்' என்று எழுதுவது நம் ஆள்தான். ஒருவர் தன் செல்ல நாயையே மிருகமாக்கி அனுப்பியிருந்தார். அதையும் விட்டுவைக்கவில்லை. அங்கே ஆடுகிறவர்கள் வைத்த பெயரை நாங்கள் கடைக்குக் கொண்டுவந்தோம், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவருக்குத் தானும் ஒரு மிருகம் செய்யும் ஆசை வந்தது. இரும்பு முள்ளம்பன்றி. அடி ஏழு. தொட்ட மிருகத்துக்கும் காயம் உண்டு. அது ஆட்டத்தில் சேர்ந்துவிட்டால் முகம் தெரியாத எத்தனையோ பேர் இவர் செய்ததைக் கையில் வைத்து ஆடுவார்கள். அடுத்தவர் தைத்ததைப் பிரித்தே காலம் தள்ளியவருக்கு அந்த ஆசை இருக்காதா? டீ நேரமெல்லாம் முள்ளம்பன்றிப் பேச்சுதான். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

அனுப்பும் முன் வேண்டியவர்களோடு ஆடிச் சோதித்துப் பார்க்கலாம். அதற்கு வீட்டிலேயே ஆள் இருந்தார். அவர் மனைவி, எங்களுக்கு அக்கா, மருந்துக்கடையில் பில் போடுகிறார். வீட்டில் பேச்சுத்துணைக்கு வேறு வழியில்லை என்று அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டவர். சாப்பிட்டதும் இருவரும் ஆளுக்கொரு போனோடு உட்காருவார்கள். முள்ளம்பன்றி ஜெயித்தது. பலம் ஜாஸ்தி என்று அடியை ஆறாக்கினார். அதற்கும் அக்கா தோற்றார். ஐந்தாக்கினார், நாலாக்கினார். அப்போதும் அக்காவுக்கு நல்ல கார்டே வரவில்லையாம். நியாயம் தவறாத மனிதர், பெற்ற பிள்ளைக்கு மொட்டையடிப்பதுபோல மனசில்லாமல் மூன்றுக்கு இறக்கி அனுப்பிவைத்தார்.

நடுவர்களின் பதில் வந்த அன்று ஒரு வாடிக்கையாளரின் பேன்ட்டை முட்டிக்கு மேல் வெட்டிவிட்டார். 'இது முள்ளம்பன்றியா, பஞ்சுத் தலையணையா? யாரோடு ஆடிப் பார்த்தீர்கள்? வார முடிவுக்குள் திருத்தி அனுப்பாவிட்டால் தள்ளிவிடுவோம்' என்று எழுதியிருந்தார்கள். அதற்கடியில் நாய்க்காரர் வரிசையாகச் சிரிக்கிற இமோஜி போட்டிருந்தார்.

வீட்டுக்குப் போனவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. இந்தத் தடவை முள்ளம்பன்றியை நீ வைத்துக்கொள், நான் எதிர்த்து ஆடுகிறேன், ஒழுங்காக ஆடு என்றார். இடம் மாற்றி ஆடிப் பார்க்க இதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. ஊரார் கார்டாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார். அந்தப் பஞ்சுத் தலையணையை வைத்துக்கொண்டே அக்கா அவரைத் துவைத்துக் காயப்போட்டார். அடுத்த ஆட்டமும் அதே கதை. மனிதர் முகம் தொங்கிப்போயிற்று.

"விடுங்க, அடுத்ததுல நான்..." என்று ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"தோத்துடறேன்னு சொல்ல வந்தியா?"

"நீங்க தோத்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்க. ரெண்டு நாளைக்கு வீட்ல பேச ஆளில்ல. அதுக்கு நானே தோத்துட்டுப் போறது தேவலன்னு இருந்துச்சு."

அவருக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். எங்களிடம் சொல்லும்போதுகூடக் காது மடல் சிவந்திருந்தது. அந்த வாரம் முழுக்க இடம் மாற்றி மாற்றி நிஜமாகவே ஆடினார்கள். நாலு போதாது, ஆறு அக்கிரமம் என்று ஐந்தில் நிறுத்தியது அக்காதான். நடுவர்கள் மறுபேச்சில்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். நாய்க்காரர் மட்டும் 'பலம் ஜாஸ்தி' என்று எழுதினார். அவரையும் குறை சொல்ல முடியாது.

கார்டு சேர்ந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை. இவர் தோற்பதும் நிற்கவில்லை. ஆனால் இனி முகத்தைத் தூக்குவதில்லை என்று சபதம் எடுத்துவிட்டார். தோற்ற கையோடு பேச ஆரம்பிப்பார். பட்டன் தரம் கெட்டுப்போனது, இடுப்பளவைக் கூசாமல் குறைத்துச் சொல்லும் ஆசாமிகள், எங்கள் முதலாளியின் கஞ்சத்தனம் என்று ஒன்றையும் விடமாட்டார். அக்கா பாத்திரம் கழுவினால் பக்கத்தில் நின்று பேசுவார். துணி மடித்தால் எதிரில் உட்கார்ந்து பேசுவார். அக்கா கொட்டாவி விட்டாலும் கண்டுகொள்வதில்லை. தான் திருந்திவிட்டதில் அவருக்கு அத்தனை பெருமை.

போன வாரம் ஒருநாள் ஜிப்பைப் பற்றி ஆரம்பித்திருக்கிறார். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாராம்.

"ஏங்க, இன்னொரு ஆட்டம் போடலாமா? நான் தோத்துடறேன்."