பௌர்ணமிக்கு ஓர் அறை

மகள் சமையலறை மேசையில் இருந்து பாணுக்கு வெண்ணெய் பூசியபடியே, கைபேசியில் தாய்லாந்துத் தீவு ஒன்றில் அறை எடுத்து முடித்துவிட்டாள். சிநேகிதிகளோடு போகிறாளாம். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அங்கே கடற்கரையில் விடியும்வரை ஆட்டமாம். தீவின் பெயரைக் கேட்டதும் வாயில் இருந்த தேநீர் கசந்தது. அதே தீவில் அறை தேடி அவள் அப்பன் நான் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. அப்போது அவளுக்குச் சப்பாத்து நாடா கட்டவும் வராது.

இங்கே ஜெர்மனியில், ஹம் நகர ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அந்த நாட்களில் சிவா அண்ணையின் டெலிபோன் கடை இருந்தது. வரிசையாகக் கண்ணாடிக் கூண்டுகள். எந்த ரிசீவரைத் தூக்கினாலும் முன்னால் பேசியவரின் சிகரெட் மணம். இன்றைக்கும் அந்த மணம் மூக்கில் பட்டால் நான் தெருவின் மறுபக்கத்துக்குப் போய்விடுவேன்.

யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவைக் கண்டு பத்து வருடத்துக்கு மேலாகியிருந்தது. என்னிடம் இருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் நீலப் பயணப் புத்தகம். எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் முடியாது. அம்மாவுக்கோ ஜெர்மன் விசா மறுத்துவிட்டார்கள். அப்போது எங்கள் சனத்துக்கு ஒரு வழி இருந்தது. ஊரில் உள்ளவர்கள் அங்கிருந்து வர, நாங்கள் இங்கிருந்து போய், நடுவில் யாரோ ஒருவருடைய நாட்டில் சந்திப்போம். கல்யாணங்கள்கூட அப்படி நடந்தன. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஜெர்மன்காரன், தாய்லாந்துத் தீவொன்றில் கடற்கரைக் குடில்கள் கொள்ளை மலிவு என்றான். மலிவு என்ற சொல்லுக்குப் பிறகு அவன் சொன்ன எதுவும் என் காதில் ஏறவில்லை.

"பௌர்ணமியை ஒட்டி எடு மோனை," என்றார் அம்மா தொலைபேசியில். "தெரியாத ஊர். இரவில கொஞ்சம் வெளிச்சமா இருக்கும்."

சண்டைக் காலம் முழுக்கக் கறண்ட் இல்லாமல் போத்தல் விளக்கோடு சீவித்த மனுசி. அவருக்கு நிலவு பெரிய விஷயம். நான் கலண்டரைப் புரட்டி ஆவணிப் பௌர்ணமியைப் பிடித்தேன். நல்ல நாள். தீவு வரைக்கும் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தேன், மாற்ற முடியாத மலிவு டிக்கெட். அதற்குப் பிறகுதான் அறை தேடத் தொடங்கினேன். உலகத்துக் குடிகாரர் அத்தனை பேரும் அதே பௌர்ணமிக்கு நாள் வைத்திருப்பார்கள் என்று எந்தப் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது?

தாய்லாந்து விசாவுக்கு அம்மா தங்கும் முகவரி காட்ட வேண்டும். முகவரி இல்லாவிட்டால் அம்மா இல்லை. வேலை முடிந்து நேரே கூண்டுக்குள் போய்த் தீவுக்கு நம்பர் அடிப்பேன். அந்தப் பக்கத்தில் பாட்டு இடிக்கும், யாராவது கத்திச் சொல்வார்கள்: முழு நிலவு, அறை இல்லை. மிஞ்சியிருந்த ஹோட்டல்களின் வாடகை என் சம்பளத்தைப் பார்த்துச் சிரித்தது. நாட்கள் போகப் போக நித்திரை போய்விட்டது.

"தம்பி, ஒரு கிழமை தள்ளிப் போடேலாதோ?" என்றார் சிவா அண்ணை.

"ஏலாது அண்ணை. டிக்கெட், லீவு எல்லாம் எடுத்தாச்சு. இதை விட்டா அம்மாவை எப்பக் காணுவன் எண்டு தெரியாது."

கடைசியில் ஒரு பெண் போனை எடுத்தாள். சின்னதாகக் குடில்கள் வாடகைக்கு விடுகிறவள். பார்ட்டிக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். இல்லை, என் அம்மா, கண்டு கனகாலம் என்றேன். அவளுடைய ஆங்கிலமும் என்னுடையதைப்போல நொண்டிதான். பிறகு, "அம்மாவுக்கு என் அறை. நான் குசினியில் அடுப்புப் பக்கம் படுப்பேன்," என்றாள். முகவரி சிவா அண்ணையின் கடை ஃபாக்ஸ் மெஷினில் வந்தது. நான் கூண்டுக்குள் நின்று அழுதேன். அது கண்ணாடிக் கூண்டு என்பது நினைவிலேயே இல்லை.

விசாவும் கிடைத்தது. அதற்குள் ஊரில் சண்டை திரும்பத் தொடங்கி, யாழ்ப்பாணத்துப் பாதையைப் பூட்டிவிட்டார்கள். விசா குத்திய பாஸ்போர்ட் கொழும்பில் கிடந்தது, அம்மா உள்ளே அகப்பட்டுக்கொண்டார். அந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொன்னேன். "அடுத்த நிலவுக்கு?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அதற்கடுத்த நிலவுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

அம்மாவுடன் லைன் கிடைக்கிற நாட்களில் அவர் தவறாமல் விசாரிப்பார்.

"அந்தப் பிள்ளை அறையை வச்சிருக்குமோ மோனை?"

"ஓம் அம்மா, வச்சிருக்கிறா."

முதலில் அது உண்மை. பிறகு அந்தப் பெண்ணின் நம்பர் வேலை செய்யவில்லை. ஆனாலும் அம்மா கேட்டார், நானும் ஓம் என்றேன். பாதை திறக்க முதலே அவர் போய்விட்டார். அந்தச் செய்தியையும் அதே கூண்டுக்குள்தான் கேட்டேன்.

இப்போது சிவா அண்ணையின் கடை இருந்த இடத்தில் நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். மகளின் கைபேசியில் தீவின் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். குடில் ஒன்றையும் காணவில்லை, எல்லாம் மாடிக் கட்டடம். தாயில்லாதவர்கள் சித்திரைப் பௌர்ணமிக்கு விரதம் இருப்பது எங்கள் வழக்கம். நானும் இருக்கிறேன். அம்மாவைக் காண ஏங்கிய பௌர்ணமி போய், அம்மாவுக்கு விரதம் இருக்கும் பௌர்ணமி ஆயிற்று.

"அப்பா, நீங்கள் அங்க போயிருக்கிறீங்களோ?" என்றாள் மகள், என் முகத்தைப் பார்த்து.

"இல்லை."

"பௌர்ணமிக்கு நல்லா இருக்குமாம்."

"ஓம்," என்றேன். "இரவில கொஞ்சம் வெளிச்சமா இருக்கும்."