விழாத நாட்கள்: 1,104

ஹைதராபாத்தின் மௌலா அலி தொழிற்பேட்டையில் ரயில் பெட்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்று உண்டு. அதன் வாசலில் ஒரு பச்சைப் பலகை தொங்கும். ‘விபத்தில்லா நாட்கள்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கும். பக்கத்தில் சாக்பீஸில் ஓர் எண். தினமும் காலை ஷிப்டு தொடங்கும்போது செக்யூரிட்டி அதில் ஒன்றைக் கூட்டி எழுதுவார். லூர்துமேரியின் கணவன் ஆரோக்கியராஜ் அங்கே பதினேழு வருடமாக இரும்பு கடையும் லேத்தில் நிற்கிறான். மூன்று வருடத்துக்கு முன்பு, அவன் மறந்துவிட்டுப் போன டிபன் கேரியரைக் கொடுக்கப் போன இடத்தில்தான் லூர்துமேரி அந்தப் பலகையை நின்று பார்த்தாள். பார்த்ததுமே தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது.

அவள் தொழிற்சாலை எதுவும் நடத்தவில்லை. அப்பா ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வேயில் ஃபிட்டராக வந்தவர். அவள் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, தபாலில் எம்.சி.ஏ. படித்து, உப்பலில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது நாற்பத்திரண்டு வயது. எவரோ எந்தக் காலத்திலோ எழுதிவிட்டுப் போன நிரலுக்கு ஒட்டுப் போடுவதுதான் அங்கே அவளுக்கு வேலை. பகலெல்லாம் அடுத்தவர் கிழித்ததைத் தைப்பவளுக்குக் காலை ஐந்திலிருந்து ஆறரை வரை மட்டும் சொந்தத் துணி. சமையலறை மேஜையில் லேப்டாப்பை வைத்து, ஜன்னலில் மலை மேல் தர்கா விளக்கு அணையும் நேரத்தில் எழுதத் தொடங்குவாள்.

அவள் எழுதிக்கொண்டிருந்தது ஒரு வெப் ஃபிரேம்வொர்க். வலைத்தளம் கட்டுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அஸ்திவாரத்திலிருந்து தொடங்காமல் இருக்க, கதவு ஜன்னல் எல்லாம் வைத்து ஒரு வெறும் கட்டடமாகக் கையில் கொடுப்பது. இந்த மாதிரி கட்டடத்தைப் பெரும்பாலோர் சுலபமான மொழிகளில் எழுதுவார்கள். அவள் எடுத்துக்கொண்டது ரஸ்ட். இயந்திரத்தின் அடிமட்டத்தோடு நேரடியாகப் பேசும் மொழி. எழுதியதைச் சரிபார்த்து இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தரும் அதன் கம்பைலர் ஒரு முசுடு. எதையாவது அரைகுறையாக எழுதினால் உள்ளேயே விடாது. எந்த வரியில், ஏன் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். மற்றவர்கள் அதைத் திட்டுவார்கள். லூர்துமேரிக்கு அந்த முசுட்டுத்தனம் பிடித்திருந்தது. அது தப்பை முகத்துக்கு நேரே சொன்னது. ஆபீஸில் அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

“உலகத்துல இருக்கறது பத்தலியா? இன்னாத்துக்கு நீ வேற ஒண்ணு?” என்று ஆரோக்கியராஜ் ஆரம்பத்தில் கேட்டான்.

“நீ கூடத்தான் போல்ட் செய்யற. உலகத்துல போல்ட் இல்லியா?”

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. காலையில் அவளுக்கும் சேர்த்து டீ போட்டு வைக்க ஆரம்பித்தான்.

ஃபிரேம்வொர்க்குக்குக் ‘கப்ளர்’ என்று, ரயில் பெட்டிகளைக் கோக்கும் கொக்கியின் பெயரையே வைத்தாள். அதற்கென்று ஓர் இணையப் பக்கமும் செய்து, உச்சியில் பச்சை நிறத்தில் ‘விழாத நாட்கள்’ என்று ஒரு கட்டம் போட்டாள். கப்ளரை வைத்து ஓடும் எந்தத் தளமும் கப்ளரின் தப்பால் ஒருமுறைகூட விழவில்லை என்று அதற்கு அர்த்தம். எண்ணைத் தானாக ஏற வைத்திருக்கலாம். அவள் வைக்கவில்லை. தினமும் காலையில் கையால் ஒன்றைக் கூட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவாள்.

சொந்த வெள்ளோட்டங்களைத் தவிர, கப்ளரை நம்பி ஓடிய தளம் மூன்று வருடத்தில் ஒன்றே ஒன்று. அதைக் கட்டியவன் கிரி. சைனிக்புரியில் இருக்கும் ஓய்வுபெற்ற ஹவில்தாரின் மகன். அப்பா வீட்டு மாடியில் இரண்டு பேரை வைத்துக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கும் கிளினிக்குகளுக்கும் தளம் செய்துகொடுக்கிறான். பூர்வீகம் கோயம்புத்தூர்ப் பக்கம், வளர்ந்தது இங்கே. எதற்கெடுத்தாலும் தெலுங்கில் ‘பர்வாலேது’ என்பான். பரவாயில்லை என்று சொல்லியே வளர்ந்த பிள்ளை. போலாரத்தில் ஒரு பள்ளிக்கு அட்மிஷன் படிவத்தை இணையத்தில் வைக்க வேண்டும், அவர்களிடமோ ஒரு பழைய கம்ப்யூட்டர்தான் இருக்கிறது, சின்னதாக எதுவாவது கிடைக்குமா என்று தேடியபோது கப்ளர் கண்ணில் பட்டிருக்கிறது. எழுதியவர் ஊர் ஹைதராபாத் என்று பார்த்ததும் நம்பிக்கை வந்துவிட்டதாம். போன வருடம் முழுக்கச் சின்னச் சின்ன வேலைகளுக்கு ஓட்டிப் பார்த்தான். ஒரு குறையும் இல்லை.

இந்த வருடம் அட்மிஷன் ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திறந்தது. பிள்ளையின் பெயரை ஆங்கிலத்திலும், கூடவே தாய்மொழியிலும் எழுத வேண்டும் என்று பள்ளியில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். பத்தேகாலுக்குத் தளம் விழுந்தது. இரண்டு நொடியில் தானாக எழுந்துகொண்டது. ஆனால் அந்த நேரத்தில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த அத்தனை பெற்றோர்களும் எழுதியது போய்விட்டது. மறுபடியும் விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஒன்பது முறை.

லூர்துமேரிக்கு இது செவ்வாய்க்கிழமை மதியம்தான் தெரியும். ஆபீஸ் கேன்டீனில் இருந்தபோது கிரி போன் செய்தான். 

“அக்கா, நான் எங்கியோ சொதப்பியிருக்கேனுங்க. நேத்துல இருந்து என் கோடையே பாத்துட்டு இருக்கேன். கெடைக்க மாட்டேங்குது.”

புதன் காலை பத்து மணிக்குள் சரியாகாவிட்டால் பள்ளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுமாம். பிரின்சிபால் அறையில் எல்லார் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். கப்ளரின் மேல் அவனுக்குக் கடுகளவும் சந்தேகம் இல்லை. தன் பக்கத்தில் எங்கே தப்பு என்று அவளால் கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா என்றுதான் கேட்டான். தளத்தில் நடப்பதையெல்லாம் வரி வரியாகக் குறித்துவைக்கும் பதிவுக் கோப்பை அனுப்பச் சொன்னாள்.

வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனிலேயே அதைப் படித்தாள். ஒவ்வொரு விழுதலுக்கும் முந்தைய வரி ஒரே மாதிரி இருந்தது. யாரோ படிவத்தை அனுப்புகிறார்கள், கப்ளர் அந்தப் பெயரைப் பதிவில் எழுதப் போகிறது, அங்கேயே முடிந்துவிடுகிறது. பஸ் ஹப்சிகுடாவைத் தாண்டும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பதிவு வரி கிரி எழுதியதில்லை.

அது அவள் முதல் வாரத்தில் எழுதியது. பெயர் நீளமாக இருந்தால் பதிவு அசிங்கமாகிறதே என்று முப்பத்திரண்டு பைட்டோடு வெட்டச் சொல்லியிருந்தாள். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தெலுங்குக்கும் தமிழுக்கும் ஓர் எழுத்துக்கு மூன்று. கொம்புக்கும் காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனியே மூன்று. கத்தி எழுத்தின் நடுவில் இறங்கினால் பாதி எழுத்தைக் கையில் வாங்க மாட்டேன் என்று ரஸ்ட் நிரலையே நிறுத்திவிடும். கம்பைலர் எல்லாவற்றையும் பிடிக்கும் என்று இருந்துவிட்டாள். அது பிடிக்காத தப்பும் உண்டு என்பதே மறந்துபோயிருந்தது. மூன்று வருடமாக அவள் ஓட்டிய சோதனைகளில் எல்லாம் ஜான் ஸ்மித் என்ற பெயர்தான். வாழ்நாளில் ஒரு ஜான் ஸ்மித்தையும் அவள் சந்தித்ததில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் லேப்டாப்பைத் திறந்து தன் பெயரைத் தமிழில் அடித்தாள். லூர்துமேரி. முப்பது பைட். விழாமல் நின்றது. தப்பு தன்னுடையதாக இருக்காதோ என்று ஒரு நிமிடம் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது. பிறகு ஆரோக்கியராஜ் என்று அடித்தாள். விழுந்தது.

திருத்தம் ஒரே வரி. பத்து நிமிடத்தில் எழுதி, ஓட்டிப் பார்த்துவிட்டாள். எழுதி முடித்த பிறகுதான் கை நின்றது. புதுப் பதிப்பை வெளியிடும்போது என்ன மாறியது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும். ‘பதிவு வரிகளில் சிறு ஒழுங்குபடுத்தல்’ என்று தட்டினாள். பொய்யில்லை. கிரியிடம் புதுப் பதிப்பைப் போட்டுப் பார் என்று சொன்னால் போதும். ஓடிவிடும். தன் தப்பு ஏதோ தானாகச் சரியாயிற்று என்று நினைத்துக்கொள்வான். பச்சைக் கட்டத்தில் எண் 1,104 என்றே இருக்கும், காலையில் 1,105.

ஆரோக்கியராஜ் ஷிப்டு முடிந்து குளித்துவிட்டு வந்து, தொட்டியில் டிபன் கேரியரைக் கழுவிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்து என்ன என்றான். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அவன் பெயரில் விழுந்ததையும் சொன்னாள். அவனுக்குச் சிரிப்பு வந்தது.

“போர்டு இப்ப எத்தினி காட்டுது?” என்று கேட்டான்.

“ஆயிரத்து நூத்தி நாலு.”

அவன் கேரியரைத் துடைத்து மேஜையில் வைத்தான். அதன் மூடியில் தொழிற்சாலையின் முத்திரையும், கீழே 500 என்ற எண்ணும் இருக்கும். ஐந்நூறு நாள் விபத்தில்லாமல் போனதற்கு எல்லாருக்கும் கொடுத்தது. நான்கு வருடமாக அந்த வீட்டில் மதியச் சாப்பாடு அதில்தான் போகிறது.

அவனுடைய வலது கை ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. லேத்தில் போனது. வீட்டில் தேங்காய் வெட்டும்போது என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அவனும் போட்டான். அதுவரைக்கும் லூர்துமேரிக்குத் தெரிந்த கதைதான். அவன் எப்போதும் அதோடு நிறுத்திக்கொள்வான். இன்றைக்குத்தான் மீதியைச் சொன்னான்.

“கட்டு போட்டுகினு மறுநாள் காலைல டாக்டர் சீட்டு குடுக்கப் போறன். கேட்ல போர்டு நானூத்தி பன்னண்டு. மொதநாள் நானூத்தி பதினொண்ணு. செக்யூரிட்டி என் எதிர்லதான் எழுதினாரு. வெரல் போனதுகூட அப்ப வலிக்கல.”

 சொல்லிவிட்டுத் தோசைக்கல்லைத் தேடப் போய்விட்டான்.

தான் ஆசைப்பட்டுப் பார்த்து வந்த பலகை எது என்று லூர்துமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. தட்டி வைத்திருந்த குறிப்பை அழித்தாள். தப்பு எது, எத்தனை நாளாக இருக்கிறது, எந்த மாதிரிப் பெயர்கள் விழும், எழுதியது யார் என்று எல்லாவற்றையும் எழுதி வெளியிட்டாள். பச்சைக் கட்டத்தில் 1,104ஐ எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். பிறகு கிரிக்குப் போன் செய்தாள்.

பர்வாலேது என்று சொல்வான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள் போல. அவன் சொல்லவில்லை.  லைனில் இருக்கிறானா என்று கூப்பிட்டுப் பார்த்தாள்.

“இருக்கேன்,” என்றான். “ரெண்டு நாளா உங்க தப்புக்கு நான் போற வர்றவங்ககிட்ட எல்லாம் மன்னிப்புக் கேட்டுட்டு இருந்திருக்கேனுங்க, அக்கா. எங்கப்பாகிட்டக்கூட. எனக்கு இந்த வேலையே வராதுன்னு சொல்லிட்டேன்.”

“தெரியும் கிரி. அதான் சொல்றன். ஸ்கூலுக்கு நானே லெட்டர் எழுதித் தரன், என் பேர் போட்டு.”

“அனுப்புங்க,” என்று வைத்துவிட்டான்.

கடிதத்தை இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அனுப்பினாள். புதன்கிழமை பத்து மணிக்குத் தளம் விழாமல் நின்றது. அந்த வாரம் முழுக்க நின்றது. அதை அவள் பள்ளியின் பக்கத்தைத் தானே திறந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். கிரியிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. அடுத்த வேலைக்கு வேறு ஏதாவது ஃபிரேம்வொர்க்கைப் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தாள். அப்படிச் செய்தால் குறை சொல்லவும் முடியாது. தினமும் காலையில் ஒன்றைக் கூட்டினாள். மூன்று. ஆறு. நான்கு இலக்கத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஒற்றை எண் துணியில்லாமல் நிற்பது மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் ஒரு காலை ஐந்தரைக்கு மின்னஞ்சல் வந்தது. வணக்கம் இல்லை, நலமா இல்லை. ‘இவங்களையும் போட்டுப் பாருங்க’ என்று ஒரு வரி, கூடவே ஒரு கோப்பு. உள்ளே அறுபத்து நான்கு பெயர்கள். தெலுங்கில், உருதுவில், தமிழில், இந்தியில். தெருக்காரர்கள், அப்பாவின் பட்டாளத்து நண்பர்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கியிருந்தான்.

ஜான் ஸ்மித்தைத் தூக்கிவிட்டு, முதல் பெயராக ஆரோக்கியராஜைப் போட்டு, கீழே இந்த அறுபத்து நான்கையும் சேர்த்து ஓட்டினாள். அறுபத்து மூன்று நின்றன. நூர் முகமது என்பவருடைய பெயர், அப்பா தாத்தா பெயரெல்லாம் சேர்த்து உருதுவில் முழு நீளத்துக்கு எழுதியது, விழுந்தது. இது வேறு இடம். வருகிற தகவலைக் கப்ளர் துண்டு துண்டாக வாங்கும் வாசலில், ஓர் எழுத்தின் பாதி முந்தைய துண்டிலும் மீதி அடுத்ததிலும் மாட்டிக்கொண்டிருந்தது. அதே கத்திதான். ஒரு இடத்தில் பிடுங்கிவிட்டு மற்ற இடத்தைத் தேடாமல் விட்டிருக்கிறாள்.

ஆரோக்கியராஜ் டீயைக் கொண்டுவந்து வைத்தான். அவள் திரையைக் காட்டினாள்.

“வெளிய யாருக்கும் தெரியாது. வீட்லதான விழுந்துச்சி,” என்றாள்.

சொல்லி முடித்ததும் அது தேங்காய் வெட்டிய கதை மாதிரியே அவளுக்குக் கேட்டது. அவன் கேரியரின் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாட்டிக்கொண்டிருந்தான்.

லூர்துமேரி பச்சைக் கட்டத்தைத் திறந்து ஒன்பதை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். கிரிக்குப் பதில் எழுதினாள்: அறுபத்து மூணு நின்னுச்சி, நூர் முகமது விழுந்துட்டாரு, என் தப்பு, சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறன்.

மதியம் கேன்டீனில் போனைப் பார்த்தபோது பதில் வந்திருந்தது.

“நூர் முகமது எங்க தெருப் பொடியனுங்க, அக்கா. அவன்கிட்ட சொல்லிட்டேன். தன் பேரு ஒரு கம்ப்யூட்டரையே விழ வெச்சிருச்சுன்னு ரொம்பப் பெருமையா இருக்கான். தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியறான்.”