கயிற்றை நம்பி அளந்த இடுப்பு

டாக்டரம்மா 'ஜீன்' என்றதும் நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். 

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் என் மகன், மாநில எல்லையோரக் கோவிந்தாபுரத்தில் இளநீர் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன், வியர்த்துக்கொட்டி, கண் இருட்டி வண்டியோரமாகச் சாய்ந்தான். வயது இருபத்தாறு. இருதயத்துக்கு ஒன்றுமில்லை, சர்க்கரைதான் ஏகத்துக்கு ஏறியிருக்கிறது, மாத்திரையை விடாமல் சாப்பிட்டுத் தொடர்ந்து காட்ட வேண்டும் என்றார்கள். அவனோ மறுபடி ஆஸ்பத்திரிப் படி ஏற மாட்டேன் என்று நின்றான். காரணம் நான்தான். எங்கள் பக்கத்து ஊர்களில் எருத்தேன்பதியிலிருந்து பெருமாட்டி வரைக்கும் விசாரித்த அத்தனை பேரிடமும் "தின்னே கெட்டானுங்க" என்று சொல்லி வைத்திருந்தேன். பயந்தால் என் வாய் அப்படித்தான்.

கடைசியில் அவன் அப்பா வழி கண்டுபிடித்தார். "வாடா, ரெண்டு தொப்பையும் சேந்து போயிட்டு வரலாம்." சிரித்தபடியே அவன் வண்டியில் ஏறிவிட்டான். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன்.

டாக்டரம்மா மலையாளி. சின்ன வயது. சர்க்கரைச் சீட்டைப் பார்த்து முடித்ததும், தன் மேற்படிப்பு ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் ரத்தம் தருவார்களா என்று இருவரையும் கேட்டார். கிருமியோடு சண்டை போட உடம்புக்கு உத்தரவிடும் ஜீன்கள் உண்டாம். அவற்றில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசம். அந்த வித்தியாசங்களில் சிலவற்றுக்கும் ஆண்களின் வயிற்றுக் கொழுப்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கிறாராம். கொழுப்பு சும்மா கிடப்பதில்லை, அதற்குள்ளேயே எதிர்ப்பு அணுக்கள் குடியிருக்கின்றன என்றார். கல்லூரியில் நான் படித்தது விலங்கியல். இதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

"அப்ப இவன் தின்னது மட்டும் காரணமில்லீங்களா? என் ரத்தத்தையும் எடுத்துக்குங்க!"

"ஆணுங்க மாத்திரம்தான் சேச்சி."

அடுத்து அவர் டேப்பை எடுத்தார். அது எதற்கு, மகனின் இடுப்பளவு எனக்கே தெரியும் என்றேன். பொங்கலுக்குப் பொங்கல் அவனுக்கு அரைஞாண் கயிறு மாற்றுவது நான். பழைய கயிற்றைப் பக்கத்தில் வைத்துத்தான் புதியதை வெட்டுவேன். ஆறு வருஷமாக அதே நீளம். சட்டை பிதுங்கினாலும், இடுப்பு ஏறவில்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

டாக்டரம்மா அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். "கயிறு வயித்துக்குக் கீழே அல்லே கிடக்குது சேச்சி. ஞான் தொப்புளுக்கு நேரா அளக்கணும்."

டேப், கயிற்றைவிட ஒரு சாண் கூடுதலாகக் காட்டியது.

"கயிறு எடத்த விட்டு நவுரல," என்றார் என் வீட்டுக்காரர். "வயிறுதான் முன்னால போயிருச்சு."

"ஏனுங்க, உங்களுதும் அப்படித்தான!" என்றேன் அவரிடம்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஆறு பொங்கலாக அந்த வயிற்றை என் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கயிற்றைப் பார்த்திருக்கிறேன். அந்த நிமிடத்தில் எனக்கு ஒரு ஜீன் தேவைப்பட்டது. பழி அவன் மேலும் விழாமல், என் மேலும் விழாமல் இருக்க வேண்டும்.

"அந்த ஜீன் இவனுக்கு இருக்குதான்னு எப்பச் சொல்லுவீங்க?"

தனித்தனியாக முடிவு சொல்வதில்லை என்றார் டாக்டரம்மா. நிறையப் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது தெரியும். தொடர்பு என்று தெரிந்தாலும் அதுவே காரணம் என்று ஆகிவிடாது. "பட்சே ஷுகர் இவருக்கு உண்டு சேச்சி. அதை இன்னைக்கே பாக்கணும்."

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஏம்மா, ஜீனு இருந்தா என்னைய வைய மாட்ட. இல்லீன்னா வைவியா?"

அவன் வேடிக்கையாகக் கேட்கவில்லை.

"வைய மாட்டேஞ் சாமி. அன்னைக்கு நீ உளுந்தன்னு போன் வந்ததுல இருந்து எனக்கு ஒரே பயம்டா. அந்தப் பயத்துலதான் வாய்க்கு வந்தபடி பேசீட்டேன்," என்றேன்.

அவன் சட்டைக் கையை மடித்துவிட்டான். பிறகு தன் கையை டாக்டரம்மா பக்கம் நீட்டினான்.

"எடுத்துக்குங்க டாக்டர். ஷுகருக்கு அடுத்து என்னிக்குங்க வரோணும்?"

தேதி எழுதிய சீட்டை நான் வாங்கப் போனேன். அவன் முந்திக்கொண்டு தன் பையில் வைத்தான்.

"நானே வந்துக்கறேன். இவங்களக் கூட்டியாந்தா உங்க படிப்ப இவங்களே படிச்சு முடிச்சிருவாங்க."

டாக்டரம்மா சிரித்தார். வாசலுக்குப் போகிற வரைக்கும் அவரிடம் நான் இன்னும் இரண்டு கேள்வி கேட்டேன்.