செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு

"வழி கேட்டவன் ஊர் போய்ச் சேர்ந்தான், வழி சொன்னவன்..." என்று எங்கள் பெரிய மாமா ஒன்று சொல்வார். அதற்கு மேல் எனக்கு ஞாபகம் இல்லை. வழி சொன்னவன் புண்ணியம் கட்டிக்கொண்டான் என்று முடிந்திருக்கலாம். ஆனால் சொல்லி முடித்ததும் மாமா சிரித்தது நினைவிருக்கிறது. அதனால் புண்ணியமாக இருக்க வாய்ப்பில்லை.

வழி சொல்வதுதான் இப்போது என் தொழில். சிட்னியில், பரமட்டா ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே மாடியில் எங்கள் ஆபீஸ். உயிரியல் சார்ந்த எதையாவது மூன்று வருடம் படித்துவிட்டு, பட்டம் வாங்கிய கவுனோடு போட்டோவும் எடுத்துக்கொண்டு, மறுநாள் காலை "அடுத்து என்ன?" என்று விழிப்பவர்கள் எங்களிடம் வருவார்கள். விழித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். இன்ஜினியரிங் படித்தவனிடம் "எங்கே வேலை?" என்று கேட்கும் உலகம், விலங்கியல் படித்த என் போன்றவர்களிடம் "அப்படியா, அதுக்கப்புறம்?" என்றுதான் கேட்கும்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. பத்தாம் வகுப்புவரை தமிழில் உயிரியல், பிறகு ஆங்கிலத்தில். இருபத்தாறு வயதில் சிட்னிக்கு வந்து எட்டு வருடம் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு மேல் குனிந்திருந்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போக, திருச்சிக்குத் திரும்பிப் பதினொரு வருடம் இருந்துவிட்டேன். மூன்று வருடத்துக்கு முன் மனைவி, மகளோடு மறுபடி இங்கே வந்தபோது எந்த ஆய்வகத்திலும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. இடைவெளி அதிகமாம், மறுபடி படிக்க வேண்டுமாம். அதனால் இந்த மேசைக்கு வந்தேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. சிக்கலே அதுதான். ஏனென்றால் சில மாதங்களுக்கு முன், யாரிடமும் சொல்லாமல், மருத்துவ ஆய்வக அறிவியல் முதுகலைக்கு விண்ணப்பித்திருந்தேன். போன வாரம் இடம் கிடைத்துவிட்டது. இரண்டு வருடம், முழுநேரம். இந்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டியிருந்தது. கடிதம் என் இழுப்பறையில், ஸ்டேப்ளருக்கு அடியில் கிடந்தது.

முடிவெடுப்பவர்

ஆபீஸுக்கு வருகிறவர்கள் நிரப்பும் எங்கள் விண்ணப்பத்தில் நானாகச் சேர்த்த ஒரு வரி உண்டு: "முடிவெடுப்பவர் யார்?" முதல் வருடம் பிள்ளைகளோடு மணிக்கணக்காகப் பேசி எல்லாம் முடிவான பிறகு, பிள்ளையின் அப்பா போன் செய்து எல்லாவற்றையும் கலைத்துப் போடுவார். அப்படி அடிபட்டு வந்த வரி அது.

குவேக்கர்ஸ் ஹில் பகுதியிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா மதுரைக்காரர், ஐ.டி.யில் இருப்பவர். நிவேதா என்ற மகள் உயிர்மருத்துவ அறிவியலில் பட்டம் முடித்திருந்தாள். நான் அவளைப் பார்த்துக் கேள்வி கேட்டால் அப்பா பதில் சொன்னார். "உனக்கு என்ன பிடிக்கும்மா?" என்றதற்குக்கூட, "அவளுக்கு மரபணு பிடிக்கும் சார்" என்றார். லேப்டாப்பில் பதினேழு படிப்புகளை வரிசைப்படுத்தி வைத்திருந்தார். நிரந்தரமாகத் தங்கும் விசாவுக்கு உதவுவது பச்சை, உதவாதது சிவப்பு. குடும்பத்தில் எல்லோரும் எப்போதோ குடியுரிமை வாங்கியாயிற்று என்பது பிறகுதான் தெரிந்தது. "பழக்கம் சார், விடமாட்டேங்குது" என்று அவரே வெட்கப்பட்டார். முடிவெடுப்பவர் என்ற இடத்தில் கொட்டை எழுத்தில் தன் பெயரை எழுதினார். அதுவரை பேசாமல் இருந்த அம்மா பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

"அதுக்குக் கீழ என் பேரையும் போட்டுக்கறேன் சார். முடிவு அவர்தான் எடுப்பார். எந்த முடிவுன்னு நான் சொல்வேன்."

எலி

எங்களிடம் வெள்ளை அட்டைகள் உண்டு. வருகிறவர்களிடம் ஒன்றைக் கொடுத்து, "ஐந்து வருடம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. உன் கை என்ன செய்துகொண்டிருக்கிறது? அதை மட்டும் எழுது" என்பேன். பதவிப் பெயர் எழுதக் கூடாது. 'விஞ்ஞானி' என்று எழுதினால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். திங்கட்கிழமை எல்லோருக்கும் வேலை கசக்கும், வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் இனிக்கும். செவ்வாய்தான் பொய் சொல்லாது.

கார்த்திக் என்று ஒரு பையன். கோயம்புத்தூரில் உயிரித்தொழில்நுட்பம் படித்துவிட்டு இங்கே வந்தவன். முனைவர் பட்டம்தான் வாங்குவேன், புற்றுநோய் ஆராய்ச்சிதான் செய்வேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். அட்டையைக் கொடுத்தேன். கால் மணி நேரம் ஜன்னல் வழியாக ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுதியதைத் தயங்கித் தயங்கி நீட்டினான்: "நாற்காலியில் உட்கார்ந்து டைப் அடிக்கிறேன். அறையில் எலி இல்லை." கடைசி வருட புராஜெக்டில் நாற்பது எலிகளை இவன் தலையில் கட்டியிருக்கிறார்கள். ஒன்று கடித்ததாம். கடித்த எலியைவிட, கடிக்காமல் இவனையே பார்த்துக்கொண்டிருந்த எலிதான் கனவில் வருகிறதாம்.

நான் சிரிக்கவில்லை. கல்லூரியில் அறுத்த தவளை ஒன்று எனக்கும் உண்டு. உங்களுக்கும் ஏதாவது இருக்கும். புதிய மருந்துகளுக்கு அரசு அனுமதி வாங்கும் வேலையைப் பற்றிச் சொன்னேன்: எல்லாம் ஆவணங்கள், எல்லாம் எழுத்து. பையன் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆனது.

"சார், எலியைப் பத்தி எழுதினா போதும், எலியைத் தொட வேண்டாம்னா, அதை ஏன் சார் காலேஜ்ல யாரும் சொல்லல?"

கொஞ்சம் முந்தி

மாதத்தில் இரண்டு நாள் மெல்பர்னில், டண்டினொங்கில் உள்ள எங்கள் கிளையில் உட்காருவேன். அங்கே வருகிறவர்கள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்கள். ஒருமுறை ஒரு ஆன்ட்டி, அவர்கள் வழக்கில் அன்ரி, மகளோடு வந்தார். மகள் பெயர் அபிராமி. பட்டதாரிகளுக்கான மருத்துவ நுழைவுத் தேர்வை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை எழுத மாட்டேன் என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், ஆனால் எந்த மொழியிலும் புரிகிற குரல் அது.

அன்ரி கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விஷயம் மெல்ல வெளியே வந்தது. முதல் தடவை எழுதிவிட்டு வந்த அன்றே, "நல்லாச் செய்தனான்" என்று மகள் சொன்னதை நம்பி, கோயிலில் நான்கு பேரிடம் "பிள்ளைக்கு டொக்டருக்குக் கிடைச்சிட்டுது" என்று சொல்லிவிட்டார். நான்கு பேர் நானூறு பேரானார்கள். ஒன்றரை வருடமாக அன்ரி கோயிலில் பின்வாசல் வழியாகத்தான் போய் வருகிறார். பக்கத்து வீட்டு ஐயா ஒருவர் தன் முழங்காலைக் கொண்டுவந்து அபிராமியிடமே காட்டியிருக்கிறார்.

அபிராமியின் அட்டையில் இருந்தது இது: "இருட்டு அறை. ஒருவரின் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறேன்." பள்ளிக் காலத்தில் மூக்குக்கண்ணாடிக் கடையில் பகுதிநேர வேலை பார்த்தவளாம். மெல்பர்னிலேயே கண் பரிசோதனைக்கு ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது. முடித்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்றே போட்டுக்கொள்ளலாம் என்றேன். அன்ரி அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். கைப்பையை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நான் சொன்னது பொய்யில்லைத் தம்பி. கொஞ்சம் முந்திச் சொல்லிப்போட்டன், அவ்வளவுதான்."

லட்டு

மூன்று வாரத்துக்கு முன் ஒரு பெண் லட்டுப் பெட்டியோடு படியேறி வந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. தாவரவியல் முடித்துவிட்டு இரண்டரை வருடத்துக்கு முன் என்னிடம் வந்த ஷாலினி. இப்போது ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் முதல்முறை பார்க்கும்போது "ஓ!" என்று ஒரு சத்தம் வருமாம்; அந்தச் சத்தத்துக்காகவே வருடா வருடம் வெங்காயம் உரிப்பேன் என்றாள். நான் லட்டைக் கடித்தபடி, பெருமையை அடக்கிக்கொண்டு, "ஏதோ, நம்மளால முடிஞ்சது" என்றேன்.

"இல்ல அங்கிள், நீங்க சொன்னது சுற்றுச்சூழல் படிப்பு. டீச்சிங் உனக்குச் சரிவராது, குரலே எழும்பல உனக்குன்னு சொன்னீங்க. அந்தக் கோபத்துலதான் இதுல சேர்ந்தேன்."

அவள் போன பிறகு மாமாவின் பழமொழியைப் பற்றிக் கௌரி அக்காவிடம் சொன்னேன். முன்மேசையில் இருப்பவர், யாழ்ப்பாணத்துக்காரர்; எங்கள் ஆபீஸின் உண்மையான முடிவெடுப்பவர். இரண்டாம் பாதி மறந்துபோச்சு அக்கா என்றதும், லட்டுப் பெட்டியை மூடிக்கொண்டே முடித்து வைத்தார்.

"வழி சொன்னவன் அங்கையே நிண்டான். வேறென்னத்தைச் செய்யிறது?"

அந்த ஒன்று

இந்தப் புதன்கிழமை ரஞ்சன் வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆய்வக விஞ்ஞானி. மகனின் படிப்பைப் பற்றி விசாரிக்க வந்தவரை, வந்த விஷயத்தை விட்டுவிட்டு, நான்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். இப்போது ஆய்வகம் எப்படி இருக்கிறது, செல்களுக்குச் சாயம் ஏற்றுவதெல்லாம் இன்னும் கையால்தானா? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நுண்ணோக்கிக்காரன் நுண்ணோக்கிக்காரனை அறிவான்.

"எல்லாம் மெஷின்தான் பாக்குது. நான் மெஷினைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். என் முகம் வாடியிருக்க வேண்டும். மனதுக்குள் இழுப்பறையைத் திறந்து, கடிதத்தைக் கிழித்து, குப்பையிலும் போட்டாயிற்று. ஒரு நிம்மதியும் வந்தது. மெஷினின் மேல் பழியைப் போட்டுவிடலாம் அல்லவா? ரஞ்சன் மகனின் கோப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போய்த் திரும்பினார்.

"ஆனா கிழமைக்கு ஒண்டு, ஏழு நாளிலை ஒண்டே ஒண்டு வரும், மெஷினுக்கு விளங்காது. குனிஞ்சு நான்தான் பாக்கவேணும். அந்த ஒண்டுக்காகத்தான் நான் வேலைக்குப் போறனான்."

எதிர்ப்பக்கம்

வியாழக்கிழமை ஆபீஸ் மூடும் நேரம். ஸ்டேப்ளர் தேடி என் இழுப்பறையைத் திறந்த கௌரி அக்கா கடிதத்தையும் எடுத்துவிட்டார். நின்றபடியே முழுவதும் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டு, எதிர்ப்பக்க நாற்காலியைக் காட்டி, "அந்தக் கதிரையிலை இருங்கோ தம்பி" என்றார். எங்கள் விண்ணப்பம் ஒன்றையும் வெள்ளை அட்டையையும் என் முன்னால் தள்ளினார்.

மூன்று வருடத்தில் அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை. விண்ணப்பத்தில் முடிவெடுப்பவர் என்ற இடத்தில் பேனா நின்றது. வித்யாவுக்குப் போன் செய்தேன். நான் விண்ணப்பித்ததே என் மனைவிக்குத் தெரியாது. கடிதத்தை முழுவதும் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "எதுன்னாலும் எனக்குச் சரி. ஆனா தினமும் சாப்பிடும்போது 'தப்புப் பண்ணிட்டேனோ'ன்னு கேக்கக் கூடாது. ரெண்டுல எதை எடுத்தாலும் சரி" என்றாள். என் பெயரை எழுதினேன்.

அட்டைதான் கஷ்டம். எதிரே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று எழுதலாம், அதுவும் பொய்யில்லை. ஆனால் நான்தானே சொல்வேன், கை என்ன செய்கிறது என்று மட்டும் எழுது என்று. கீழே பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. கை தானாக எழுதியது: "நுண்ணோக்கிக்கான கண்ணாடித் தட்டைக் கழுவி உலர்த்துகிறேன். விரலில் ஊதாச் சாயம்." கௌரி அக்கா அட்டையை வாங்கி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, படித்தார்.

"ஏன் தம்பி, கையுறை போடமாட்டீங்களோ?"

வழி சொல்லிப் பிழைக்கும் எல்லோருக்கும் நான் கண்டுபிடித்ததைச் சொல்கிறேன்: நம் மேசையில் எதிர்ப்பக்க நாற்காலி நம்முடையதைவிட இரண்டு அங்குலம் தாழ்வு, ஒரு காலும் ஆடுகிறது.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று பதில் அனுப்பினேன்.