குதிகாலில் ஒரு துளி

எழுபதுகளில் அம்பத்தூர் பக்கம் ஒரு சின்ன பிரசவ ஆஸ்பத்திரியில் லேப் வேலை பார்த்தேன். பிறந்த குழந்தையின் குதிகாலைக் குத்தி ரத்தம் எடுப்பவள் நான். வார்டில் எனக்கு வைத்த பெயர் ரத்தக் காட்டேரி. நான் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். மண்ணூர்பேட்டையில் நான் தனியாகக் குடியிருந்த வீட்டு வரிசையில்கூட, பிள்ளை பெற்ற வீட்டுக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும், யார் அழுதது?

ஒரு நாள் காலை, கோவில்பதாகையிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தியின் குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிட்டது. பிறந்து மூன்று நாள்தான். டாக்டரம்மா ரத்தம் பார்க்கச் சொன்னார். நான் போனதும் குழந்தையின் அத்தை தொட்டிலை மறித்துக்கொண்டாள்.

"ஜொரமே இல்ல. தொட்டுப் பாரு, சில்லுனு கீது. இன்னாத்துக்குக் குத்துற?"

"சில்லுன்னு இருக்கறதுதாம்மா பயம். பச்சைக் குழந்தைக்கு ரத்தத்துல கிருமி ஏறினா ஜுரம் அடிக்கணும்னு இல்ல."

"இது தோஷம். பூந்தமல்லிக்கு இட்னு போய் மந்திரிச்சா பூடும். முன்னாடியே ரத்தம் சிந்துனா மந்திரம் புடிக்காது."

இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது. வாயைத் திறப்பதற்குள் படுக்கையிலிருந்து தாய் சொன்னாள்: "எடுத்துக்கோக்கா. வாயே தொறக்க மாட்டேங்குது."

ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்குப் பட்டணத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் வர நாளாகும். அதுவரை அந்த உடம்பு தாங்காது. அதனால் மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை ஏற்றி, ஒரு மணி நேரம் நிமிர்த்தி வைத்து, சிவப்பணு எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்போம்; கிருமி இருந்தால் வேகமாக இறங்கும். மைக்ராஸ்கோப்பில் முதிராத வெள்ளணு அதிகமா என்று பார்ப்போம். இரண்டும் சத்தியம் செய்யாது. சந்தேகத்தைக் கெட்டியாக்கும், அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரமும் அத்தை லேப் வாசலிலேயே நின்றாள். "கொயாய்க்குக் காவல் குந்திகினு கீது பாரு! கொயந்த அங்க சாவுது." நான் கடிகாரத்தைப் பார்த்தேன். வாயைத் திறந்திருந்தால் கெட்ட வார்த்தைதான் வந்திருக்கும்.

சிவப்பணு இறங்க வேண்டியதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இறங்கியிருந்தது. முதிராத வெள்ளணுக்கள் கூட்டமாக நின்றன. போய்ச் சொன்னேன். டாக்டரம்மா பட்டணத்துப் பதிலுக்குக் காத்திராமல் கிருமிக்கான ஊசியை ஆரம்பித்தார்.

குழந்தை பிழைத்தது. டாக்டரம்மாவின் கைராசி என்றார்கள். அவர்கள் வீட்டுக்குப் போகும்போது வார்டு ஆயாவுக்குக்கூட லட்டு கிடைத்தது. லேப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

சில மாதம் கழித்து அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாப்பில் அந்தத் தாயைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்லா கீதுக்கா."

தொட்டுப் பார்க்கக் கை நீட்டினேன். அவள் முந்தானையை இழுத்துக் குழந்தையின் பாதங்களை மூடினாள். வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போனது.

பஸ் வந்தது. அவள் ஏறினாள். எனக்கும் அதே பஸ்தான். ஏறவில்லை.